இந்தப் பெட்டிய யாரு தள்றா? – மெக்கானிக்ஸ் கேள்வி பதில்

ப்ரிலிம் (பெரிய பரீட்சைக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துல வைக்கிற பரீட்சை) பேப்பர் கைக்கு வந்த பிறகு வந்த கடிதங்கள்ல ஃபிசிக்ஸ் பத்தினதுதான் ஜாஸ்தி, அதுலயும் மெக்கானிக்ஸ். ஒளி, வெப்பம், கரண்ட் எல்லாம் எப்படியோ சமாளிச்சிடுறோம் டீச்சர், ஃபோர்ஸ் கேள்வி வந்தாத்தான் மண்டை காயுதுன்னு ஈசூன்லேர்ந்தும் எழுதியிருக்கீங்க, பிடோக்லேர்ந்தும் எழுதியிருக்கீங்க. அதனால இந்தத் தடவை பக்கம் முழுக்க அதுக்கே கொடுத்திருக்கேன். இருபது வருஷத்துக்கு மேல இதைத்தான் வகுப்புல சொல்லிக் கொடுத்தேன், இப்பவும் ஒரு பிள்ளைக்கு ஃபோர்ஸ் புரிஞ்சுதுன்னு கேட்டா எனக்கு அன்னைக்கு முழுக்க சந்தோஷமா இருக்கும்.

டீச்சர், ஃபார்முலா எல்லாம் மனப்பாடமாத் தெரியும். ஆனா கேள்வியப் பாத்ததும் எதைப் போடுறதுன்னு தெரியல. ப்ரிலிம்ல ஒரு லிஃப்ட் கணக்கு வந்துச்சு. 60 கிலோ ஆளு லிஃப்ட்ல எடை மெஷின் மேல நிக்கிறாரு, லிஃப்ட் மேல போயி நிக்கப் போகுது, 1.5 மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர்ல ஸ்லோ ஆகுது, மெஷின் அவரைத் தள்ற ஃபோர்ஸ் எவ்வளவுன்னு கேட்டாங்க. நான் 690 நியூட்டன்னு போட்டேன், தப்புன்னு சொல்லிட்டாங்க. மேலதானே போகுது?
– செகண்டரி 4 மாணவன், ஈசூன்

தம்பி, உன் கேள்வியோட கடைசி வரியிலயே தப்பு இருக்கு பாரு, "மேலதானே போகுது"ன்னு. போற திசைக்கும் ஃபோர்ஸுக்கும் நேரடியா சம்பந்தமே இல்ல. ஆக்ஸலரேஷன், அதாவது வேகம் மாறுற வீதம், எந்தப் பக்கம்ங்கறதுதான் கேள்வி. மேல போயிட்டிருக்கிற லிஃப்ட் ஸ்லோ ஆகுதுன்னா ஆக்ஸலரேஷன் கீழ் நோக்கி.

இப்ப நான் சொல்ற வரிசையில செஞ்சு பாரு. லிஃப்ட்ட மறந்துடு, கயித்த மறந்துடு, மோட்டாரை மறந்துடு. அந்த ஆள மட்டும் தனியா ஒரு புள்ளியா வரைஞ்சுக்கோ. அவரைத் தொட்டுக்கிட்டிருக்கிறது என்ன? கால் அடியில மெஷின் மட்டும். அது மேல தள்ளுது. தொடாம இழுக்கிறது என்ன? பூமி. அது கீழ இழுக்குது, கிலோவுக்கு 10 நியூட்டன், 60 × 10 = 600 நியூட்டன். முடிஞ்சுது, ரெண்டே அம்பு. அதுக்குப் பக்கத்துல, உடம்பத் தொடாம, தனியா ஒரு அம்பு போட்டு ஆக்ஸலரேஷன் கீழன்னு எழுதிக்கோ. கீழ ஆக்ஸலரேஷன்னா கீழ இழுக்கிறது ஜெயிக்குது, அதனால 600 கழித்தல் மெஷின் தள்ற ஃபோர்ஸ் = 60 × 1.5 = 90. விடை 510 நியூட்டன்.

நீ போட்ட 690ம் சரியான விடைதான், ஆனா வேற நேரத்துக்கு. லிஃப்ட் மேல கிளம்புற நேரத்துக்கு அது சரி. கீழ வந்து நிக்கிற நேரத்துக்கும் அதே 690தான், ஏன்னா அப்பவும் ஆக்ஸலரேஷன் மேல் நோக்கி. நடுவுல ஒரே வேகத்துல போறப்ப வெறும் 600. இன்னைக்கு சாயந்திரம் உங்க புளோக் லிஃப்ட்ல ஏறி மேல போனா ஃபோன எடுக்காம கால் பாதத்துல கவனம் வச்சுப் பாரு. மாடி வந்து நிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி உடம்பு லேசா ஆகுற மாதிரி ஒரு கணம் இருக்கும். அந்தக் கணம்தான் 510.

இன்னொன்னு, உன் மாதிரி பிள்ளைங்க படம் வரையும்போது போற திசையில ஒரு அம்பு சேர்த்து அதுக்கு "மோஷன் ஃபோர்ஸ்"னு பேரும் வச்சிடுறாங்க. ஒவ்வொரு அம்புக்குப் பக்கத்துலயும் அதை யாரு கொடுக்கிறான்னு எழுதணும், பூமி, மெஷின், கயிறு, தரை, காத்து, யாராவது ஒருத்தர். பேரு எழுத முடியலன்னா அந்த அம்ப அழிச்சிடு. இந்த ஒரு பழக்கத்த மட்டும் பிடிச்சுக்கிட்டீன்னா போதும், நிறைய கணக்கு தானா வழிக்கு வந்துடும், கீழ மத்தவங்களுக்குச் சொல்லப் போறதும் பெரும்பாலும் இதேதான்.

மேசை மேல 4 கிலோ டிராலி, கயிறு புல்லி வழியா போயி 1 கிலோ எடை தொங்குது. ஃப்ரிக்ஷன் இல்ல. தொங்குற எடை 10 நியூட்டன், அப்ப கயித்துல டென்ஷன் (கயிறு இழுக்கிற ஃபோர்ஸ்) 10 நியூட்டன்தானே? ஆக்ஸலரேஷன் 10 ÷ 4 = 2.5ன்னு போட்டேன். ஆன்சர்ல 2ன்னு இருக்கு.
– மாணவி, தெம்பனிஸ்

கண்ணு, டென்ஷன் 10ன்னு வச்சிக்கிட்டே அந்தத் தொங்குற எடையப் பாரு. பூமி கீழ 10 இழுக்குது, கயிறு மேல 10 இழுக்குது, ரிசல்டன்ட், அதாவது எல்லாம் சேர்ந்த மொத்த ஃபோர்ஸ், பூஜ்யம். அப்ப அது எப்படிக் கீழ வேகமெடுத்து வரும்? வராது. ஆனா அது வருது. அதனால டென்ஷன் 10ஐ விடக் குறைவாத்தான் இருக்கணும். கால்குலேட்டரத் தொடாமலே இதை நீயே கண்டுபிடிச்சிருக்கலாம்.

முறையா செய்யணும்னா ரெண்டு பொருளுக்கு ரெண்டு படம். டிராலிக்குக் கிடைமட்டமா டென்ஷன் மட்டும், அதனால டென்ஷன் = 4 பெருக்கல் ஆக்ஸலரேஷன். தொங்குற எடைக்கு 10 கழித்தல் டென்ஷன் = 1 பெருக்கல் ஆக்ஸலரேஷன். ரெண்டையும் கூட்டினா டென்ஷன் போயிடும், 10 = 5 பெருக்கல் ஆக்ஸலரேஷன், ஆக 2. டென்ஷன் 8 நியூட்டன். அந்த 10 நியூட்டன் டிராலிய மட்டும் இழுக்கல, தன்னையும் சேர்த்து மொத்தம் 5 கிலோவ இழுத்துட்டுப் போகுது, அதுதான் விஷயம். உன் 2.5 எப்ப சரின்னா, எடைக்குப் பதிலா ஒருத்தர் கையால அந்தக் கயித்த 10 நியூட்டன் ஃபோர்ஸோட இழுத்தா சரி. இந்த ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வச்சு ஒரு தடவ பாரு, அப்புறம் இந்த வகைக் கணக்குல நீ தடுமாற மாட்ட.

வணக்கம் டீச்சர். என் மகன் செகண்டரி 4. டென் இயர் சீரிஸ் (பழைய பரீட்சைக் கேள்விப் புத்தகம்) ரெண்டு தடவ முடிச்சிட்டான், வாரத்துக்கு ரெண்டு டியூஷன், ராத்திரி 12 மணி வரைக்கும் படிக்கிறான். ஆனா மார்க் நடுத்தர கிரேடான சி5லயே நிக்குது. நான் தமிழ்நாட்டுல பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன், எனக்கு இதெல்லாம் தெரியாது, பக்கத்துல உக்காந்து பாக்குறதத் தவிர ஒண்ணும் செய்ய முடியல. மனசு கஷ்டமா இருக்கு.
– ஒரு அம்மா, உட்லண்ட்ஸ்

அம்மா, உங்க கடிதத்த நான் ரெண்டு மூணு தடவ படிச்சேன். பக்கத்துல உக்காந்திருக்கீங்க பாருங்க, அதையே வச்சு உங்களால உங்க மகனுக்கு உதவ முடியும், எப்படின்னு சொல்றேன்.

முதல்ல அவர் பண்றதுல என்ன கோளாறுன்னு பாப்போம். டென் இயர் சீரிஸ் ரெண்டு தடவ முடிச்சாச்சுன்னா ரெண்டாவது தடவ கை விடையத்தான் ஞாபகம் வச்சிருக்கும். கேள்வியப் பாத்து, கொஞ்சம் முட்டி, பின் பக்கத்துல விடையப் பாத்து, "ஓ இதுவா, தெரியுமே"ன்னு அடுத்ததுக்குப் போயிடுவாங்க. பாத்துப் புரிஞ்சிக்கிறது ஒரு திறமை, வெள்ளைத் தாள்ல தானா ஆரம்பிக்கிறது வேற திறமை. பரீட்சையில ரெண்டாவதத்தான் கேக்குறாங்க.

அதனால எண்ணிக்கையக் குறைக்கச் சொல்லுங்க. ஒரு நாளைக்கு அஞ்சு கேள்வி போதும். அஞ்சுலயும் கணக்கே போட வேணாம், படம் மட்டும். எந்தப் பொருள், அது மேல யாரு யாரு தள்றா இழுக்குறா, எந்தப் பக்கம் ஆக்ஸலரேஷன், கேள்வி என்ன கேக்குது, அவ்வளவுதான். அப்புறம் நீங்க பக்கத்துல உக்காந்து தமிழ்ல கேளுங்க, "இந்தப் பெட்டிய யாருப்பா தள்றா?" "இந்த அம்பு எதுக்கு?" "கயிறு தள்ளுமா, இழுக்க மட்டும்தானே செய்யும்?" உங்களுக்கு ஃபிசிக்ஸ் தெரிய வேண்டிய அவசியமே இல்ல. தள்றதும் இழுக்கிறதும் உங்களுக்குத் தெரியும், சட்டி தூக்கின கைக்கு, மாவு மூட்டை இழுத்த கைக்குத் தெரியாததா. அவர் உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லிட்டாருன்னா அவருக்குப் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம். சொல்ல முடியாமத் திணறினா அங்கதான் ஓட்டை, அந்த இடத்துல ஒரு குறி போட்டு வச்சு டியூஷன்ல அதை மட்டும் கேக்கச் சொல்லுங்க. எம்ஆர்டில போறப்பகூட கேக்கலாம், "வண்டி கிளம்புறப்ப நாம பின்னால சாயுறோமே, யாரு நம்மளப் பின்னால தள்னா?"ன்னு. யாரும் தள்ளல. தரை நம்ம காலை முன்னால கொண்டு போகுது, மேல் உடம்பு இருந்த இடத்துலயே இருக்கப் பாக்குது. இதை அவர் உங்களுக்கு விளக்கட்டும்.

அப்புறம் ஒரு சின்ன நோட்டு. தப்பான கணக்கு மட்டும் அதுல. விடைய எழுத வேணாம், கேள்வியும், தான் எந்த இடத்துல ஏமாந்தோம்ங்கறதும் ஒரே வரியில, "ஸ்லோ ஆகுதுன்னு கவனிக்கல", "கிராம கிலோவா மாத்தல" அந்த மாதிரி. ஒரு வாரம் கழிச்சு அதே கேள்விய வெள்ளைத் தாள்ல திரும்பப் போடணும். பத்துப் பதினஞ்சு வரி சேந்ததும் பாத்தீங்கன்னா ரெண்டு மூணு தப்புதான் திரும்பத் திரும்ப வேஷம் மாத்திக்கிட்டு வரும்.

12 மணி வரைக்கும் உக்கார விடாதீங்கம்மா. தூக்கம் கெட்டா மறுநாள் இருக்கிற தெளிவும் போயிடும். டியூஷன் செலவு பாரமா இருந்தா சிண்டாவுல (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) நம்ம பிள்ளைங்களுக்குக் குறைஞ்ச கட்டணத்துல டியூஷன் இருக்கு, விசாரிச்சுப் பாருங்க.

ஜூனியர் காலேஜ் எச்2 ஃபிசிக்ஸ். சரிவுல சறுக்குற கட்டை கணக்கு. ஒரு ஃப்ரெண்டு எஃப் = எம்ஏ (ஃபோர்ஸ் = நிறை பெருக்கல் ஆக்ஸலரேஷன்) போட்டு செய்றான், இன்னொருத்தன் எனர்ஜில செய்றான். ரெண்டு பேருக்கும் விடை வருது, நான்தான் எதுல ஆரம்பிக்கிறதுன்னு முழிக்கிறேன்.
– ஜேசி 1 மாணவன், சுவா சூ காங்

ரெண்டும் சரிதான், எது சுலபம்ங்கறதுதான் பேச்சு. ஒரு கணக்கு வச்சுப் பாப்போம். 5 கிலோ பெட்டி, 30 டிகிரி சரிவு, ஓய்வுலேர்ந்து கிளம்பி சரிவு வழியா 4 மீட்டர் சறுக்குது, ஃப்ரிக்ஷன் 10 நியூட்டன், அடியில வேகம் என்ன?

எனர்ஜில போனா, 4 மீட்டர் சரிவுன்னா உயரம் 2 மீட்டர். இழந்த ஜிபிஇ (உயரத்தால இருக்கிற எனர்ஜி) 5 × 9.81 × 2 = 98.1 ஜூல், இங்க 10க்குப் பதிலா 9.81. ஃப்ரிக்ஷன் தின்னது 10 × 4 = 40. மிச்சம் 58.1 கேஇ (வேகத்தால இருக்கிற எனர்ஜி). வேகம் 4.82 மீட்டர் பெர் செகண்ட். ஃபோர்ஸ்ல போனா சரிவு வழியா 24.5 கழித்தல் 10, அதை 5ஆல வகுத்தா ஆக்ஸலரேஷன் 2.9, அப்புறம் கைனமேட்டிக்ஸ் ஈக்வேஷன், அதே 4.82.

நான் பிள்ளைங்ககிட்ட சொல்றது, கேள்வியில நேரம் இருக்கான்னு முதல்ல பாரு. எத்தனை செகண்ட், எந்த நேரத்துலன்னு இருந்தா ஃபோர்ஸ் வழி. நேரமே இல்லாம உயரம், தூரம், வேகம்னு மட்டும் இருந்தா எனர்ஜி பக்கம் போ. பாதை வளைஞ்சு நெளிஞ்சு இருந்தா எனர்ஜிதான் கதி, ஏன்னா ஆக்ஸலரேஷன் மாறிக்கிட்டே இருக்கும், அந்த நாலு கைனமேட்டிக்ஸ் ஈக்வேஷனும் ஆக்ஸலரேஷன் மாறாம இருந்தாத்தான் செல்லும். இதை மறந்துட்டுத்தான் நிறைய பேரு ஸ்பிரிங் கணக்குலயும் பாராசூட் கணக்குலயும் அதைப் போட்டு மார்க்க விடுறாங்க. மோதல், வெடிப்பு, ஒட்டிக்கிறதுன்னு வந்தா மொமென்டம் (நிறை பெருக்கல் வேகம்).

சைன் போடணுமா காஸ் போடணுமான்னு குழப்பம் வந்துச்சுன்னா சரிவ மனசுக்குள்ள படுக்க வச்சுடு. தரை மட்டமா இருந்தா கட்டை தானா சறுக்காது, சரிவு வழியா இழுக்கிறது பூஜ்யம் ஆகணும். 0 டிகிரிக்கு பூஜ்யம் ஆகுறது சைன். அவ்வளவுதான். கால்குலேட்டர் டிகிரில இருக்கான்னு பேப்பர் ஆரம்பிக்கும்போதே சைன் 30 தட்டிப் பாத்துடு, 0.5 வரணும், மைனஸ் 0.988 வந்தா ரேடியன்ல இருக்கு.

புல்லட் கட்டையில புகுந்து கட்டை மேல ஊசலாடுற கணக்கு. எனர்ஜி கன்சர்வேஷன் போட்டேன், விடை பத்து மடங்கு குறைச்சலா வருது. ஏன் டீச்சர்? எனர்ஜி அழியாதுன்னு தானே சொல்லிக் கொடுத்தீங்க எல்லாரும்?
– ஜேசி 2 மாணவி, செங்காங்

அழியாது மா, ஆனா நீ எதிர்பாத்த இடத்துல இருக்காது. 10 கிராம் புல்லட், 990 கிராம் கட்டை, ரெண்டும் சேர்ந்து 5 சென்டிமீட்டர் உயருதுன்னு வச்சிக்கோ. புல்லட்டோட கேஇ முழுசும் ஜிபிஇ ஆகுதுன்னு போட்டா புல்லட் வேகம் 9.9 வரும். ஒரு ஆள் ஓடுற வேகம் அது, தோட்டா போற வேகமா? அங்கயே சந்தேகம் வந்திருக்கணும்.

இது ஒரு கணக்கு மாதிரி தெரியும், ஆனா ரெண்டு கணக்கு. புல்லட் புகுற அந்த ஒரு நொடித் துணுக்கு ஒண்ணு. அதுக்கப்புறம் சேர்ந்து மேல ஊசலாடுறது இன்னொண்ணு. நடுவுல ஒரு கோடு போட்டுப் பிரிச்சுக்கோ. ரெண்டாவது பாகத்துல எனர்ஜி சரி, உயரம் 0.05 மீட்டர்னா ஆரம்ப வேகம் 0.99. முதல் பாகத்துல புல்லட் மரத்தக் கிழிச்சுக்கிட்டு, சூடாக்கிக்கிட்டு உள்ள போகுது, அங்க கேஇ நிக்காது, மொமென்டம்தான் நிக்கும். 0.010 பெருக்கல் புல்லட் வேகம் = 1.0 × 0.99, ஆக 99 மீட்டர் பெர் செகண்ட். ஆரம்பத்துல 49 ஜூல் இருந்துச்சு, மோதினதும் 0.49 ஜூல்தான் கேஇயா மிச்சம். நூத்துல 99 பங்கு சூடாவும் கிழிசலாவும் போயிடுச்சு, அது தெரியாமத்தான் நீ பத்து மடங்கு ஏமாந்த.

மோதல் எங்க முடியுது, அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு போடுற பழக்கம் இருந்தா இந்த வகைக் கணக்கு எல்லாம் ரெண்டு சின்னக் கணக்கா உடைஞ்சிடும்.

பாராசூட்ல குதிக்கிறவர் எப்படி டெர்மினல் வெலாசிட்டிக்கு (மாறாத வேகத்துக்கு) வர்றாருன்னு விளக்கச் சொன்ன கேள்விக்கு 4 மார்க். நான் அரை பக்கம் எழுதினேன், 1 மார்க்தான் கொடுத்தாங்க.
– செகண்டரி 4 மாணவி, ஜூரோங் வெஸ்ட்

நீ அனுப்பின விடையப் படிச்சேன். "காத்து எதிர்ப்பு எடைய விட அதிகமாகி அவர் மெதுவா டெர்மினல் வெலாசிட்டிக்கு வர்றாரு"ன்னு எழுதியிருக்க. குதிச்ச உடனே, பாராசூட் விரியறதுக்கு முன்னாடி, அது நடக்காது. வரிசையா எழுதணும். குதிச்ச நேரத்துல எடை மட்டும்தான். வேகம் கூடக் கூட காத்து எதிர்ப்பு கூடுது. அதனால ரிசல்டன்ட் ஃபோர்ஸ் குறையுது. அதனால ஆக்ஸலரேஷன் குறையுது, ஆனா வேகம் இன்னும் கூடிக்கிட்டுதான் இருக்கு. காத்து எதிர்ப்பு எடைக்குச் சமமானதும் ரிசல்டன்ட் பூஜ்யம், ஆக்ஸலரேஷன் பூஜ்யம், வேகம் மாறாம இருக்கும். ஒவ்வொரு "அதனால"வுக்கும் ஒரு மார்க்னு நினைச்சுக்கோ, நடுவுல ஒண்ணத் தாண்டிட்டா மார்க் கிடையாது. "ஆக்ஸலரேஷன் குறையுது"ங்கறதையும் "வேகம் குறையுது"ங்கறதையும் குழப்புறவங்கதான் அதிகம், அதை மட்டும் பத்திரமா பாத்துக்கோ.

பாராசூட் விரிஞ்ச பிறகுதான் காத்து எதிர்ப்பு எடைய மிஞ்சும், அப்ப ஆக்ஸலரேஷன் மேல் நோக்கி, ஆளு இன்னும் கீழதான் வர்றாரு. வீடியோவுல அவர் விருட்டுன்னு மேல போற மாதிரி தெரியுமே, அது படம் பிடிக்கிறவரு இன்னும் வேகமா விழுந்துக்கிட்டே இருக்கிறதால.

மொமன்ட் (ஃபோர்ஸ் பெருக்கல் தூரம், திருப்புற விளைவு) கணக்குல எந்தப் புள்ளிய வச்சு மொமன்ட் எடுக்குறது? ஏதோ ஒண்ண எடுத்து மாட்டிக்கிறேன்.
– மாணவன், தோ பாயோ

எது தெரியாத ஃபோர்ஸோ, அது எந்தப் புள்ளியில இருக்கோ, அந்தப் புள்ளியிலயே எடு. தூரம் பூஜ்யம், அந்த ஃபோர்ஸ் கணக்க விட்டே போயிடும். 3 மீட்டர் பலகை, எடை 120 நியூட்டன், ரெண்டு முனையிலயும் முட்டு, இடது முனையிலேர்ந்து 1 மீட்டர்ல 500 நியூட்டன் ஆளு. இடது முனையில மொமன்ட் எடுத்தா வலது முட்டு பெருக்கல் 3 = 120 × 1.5 + 500 × 1, அதாவது 680. வலது முட்டு சுமார் 227, மிச்சம் 393 இடது முட்டுக்கு. ஆளு இடது பக்கம் நிக்கிறாரு, இடது முட்டுக்குத்தான் பாரம் ஜாஸ்தி, சரியா வந்திருக்கு.

பழைய புளோக்குல சமையலறை ஜன்னல் வழியா மூங்கில் கம்புல துணி காயப் போடுறாங்களே, அம்மாகிட்ட கேட்டுப் பாரு, ஈர ஜீன்ஸ கம்போட நுனியில மாட்டினா உள்ள இழுக்குறது எவ்வளவு கஷ்டம்னு. 3 மீட்டர் கம்பு, அதோட எடை 15 நியூட்டன், 10 நியூட்டன் ஈர ஜீன்ஸ் 2.8 மீட்டர்ல தொங்கினா கைப் பக்க முனைய வச்சு மொமன்ட் 50.5 நியூட்டன் மீட்டர். அதே ஜீன்ஸ அரை மீட்டர்ல மாட்டினா 27.5. துணியும் அதேதான், கம்பும் அதேதான். பலகையோட சொந்த எடைய நடுவுல போட மறக்காத, "யூனிஃபார்ம்"னு கேள்வியில இருந்தா அதைச் சொல்றாங்கன்னு அர்த்தம். அதே மாதிரி "ஸ்மூத்"னா ஃப்ரிக்ஷன் இல்ல, "லைட்"னா கயித்துக்கு எடை இல்ல, "ஃப்ரம் ரெஸ்ட்"னா ஆரம்ப வேகம் பூஜ்யம். இந்த வார்த்தைங்கள முதல் தடவ படிக்கும்போதே வட்டம் போட்டுடு.

மேசை மேல புத்தகம். எடையும், மேசை மேல் நோக்கித் தள்ற நார்மல் ஃபோர்ஸும் சமம், எதிர் திசை. அப்ப அது நியூட்டனோட மூணாவது விதி ஜோடிதானே?
– செகண்டரி 3 மாணவன், ஹவ்காங்

இல்ல தம்பி. ரெண்டும் ஒரே புத்தகத்து மேல இருக்கு. மூணாவது விதி ஜோடி ரெண்டு வெவ்வேற பொருள் மேல இருக்கணும், ஒரே வகையாவும் இருக்கணும். பூமி புத்தகத்த இழுக்குது, புத்தகம் பூமிய இழுக்குது, இது ஒரு ஜோடி. மேசை புத்தகத்தத் தள்ளுது, புத்தகம் மேசையத் தள்ளுது, இது இன்னொண்ணு.

பேப்பர் 1ல (நாலு விடையில ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற எம்சிகியூ) நேரம் பத்தல. கடைசி ஆறு கேள்விக்கு சும்மா பி, பின்னு போட்டுட்டு வந்தேன்.
– மாணவன், அங் மோ கியோ

ஓ லெவல்ல 40 கேள்வி, 1 மணி நேரம், ஒண்ணுக்கு ஒன்றரை நிமிஷம். சில கேள்வி 20 செகண்டுல முடியும், அதுல மிச்சம் பிடிச்சுத்தான் கணக்குக்குக் கொடுக்கணும். ஒரு கேள்வியில ரெண்டு நிமிஷம் தாண்டினா ஒரு விடையப் போட்டுட்டு, கேள்வித்தாள்ல குறி வச்சிட்டு நகந்துடு, அப்புறம் வா.

மெக்கானிக்ஸ்ல நிறைய எம்சிகியூவ முழுசா கணக்குப் போடாமலே பாதி விடைய தப்புன்னு அடிச்சு ஒதுக்கிடலாம். யூனிட் பொருந்தாத விடைய முதல்ல அடி. அப்புறம் ஒரு பக்கத்த எல்லைக்கு இழுத்துப் பாரு. புல்லியோட ரெண்டு பக்கமும் எடை தொங்குது, ஆக்ஸலரேஷனுக்கு நாலு ஃபார்முலா கொடுத்திருக்காங்கன்னு வச்சிக்கோ. ரெண்டு எடையும் சமம்னா எதுவும் வேகமெடுக்காது, விடை பூஜ்யம் வரணும். ஒரு பக்கம் எடையே இல்லன்னா இன்னொண்ணு சும்மா விழும், விடை ஜி, அதாவது அந்த 10, வரணும். பெரும்பாலும் நாலுல ஒண்ணுதான் ரெண்டுலயும் தேறும். நேரா மேல எறிஞ்சா உச்சியில பந்தோட வேகம் பூஜ்யம், ஆனா ஆக்ஸலரேஷன் பூஜ்யம் இல்ல, அப்பவும் கீழ் நோக்கி 10தான். இந்த ஒரே விஷயத்த வருஷா வருஷம் வேற வேற உருவத்துல கேப்பாங்க.

என் தங்கச்சி இப்ப செகண்டரி 2. 2027லேர்ந்து ஓ லெவல் பேரு மாறி எஸ்இசின்னு (செகண்டரி எஜுகேஷன் சர்டிஃபிகேட்) வருதாமே, அவளுக்கு இந்த அறிவுரை எல்லாம் செல்லுமா?
– ஒரு அக்கா, பொங்கோல்

சான்றிதழ் பேரு மாறுது, ஜி1, ஜி2, ஜி3ன்னு பாட நிலைகள் இருக்கு. பூமி இழுக்கிறதும் தரை தள்றதும் மாறப் போறதில்ல மா. இப்பவே அவளுக்கு அம்பு வரையச் சொல்லிக் கொடு.

டீச்சர், ப்ரிலிம் ஹால்ல கணக்கப் பாத்ததும் எல்லாமே மறந்து போச்சு. பத்து நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன், கண்ணு கலங்கிடுச்சு. ஓ லெவல்லயும் அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கு.
– மாணவி, பிடோக்

வா கண்ணு, இதைக் கடைசியா வச்சதே நிதானமா பேசணும்னுதான். மறந்து போறது உனக்கு மட்டும் நடக்கிறது இல்ல, நல்லாப் படிக்கிற பிள்ளைங்களுக்கும் நடக்கும், என் வகுப்புல நல்ல மார்க் வாங்குற பிள்ளையே ஒரு தடவ அப்படி அழுதிருக்கா. அந்த நேரத்துல மூளைகிட்ட "விடை என்ன"ன்னு கேட்டா அது இன்னும் இறுகிக்கும். கைகிட்ட வேலையக் கொடு. பென்சில எடுத்து ஒரு கட்டம் வரை, அதுதான் பொருள். கீழ ஒரு அம்பு, பூமி. எதைத் தொட்டுக்கிட்டிருக்கோ அதுக்கு ஒவ்வொரு அம்பு. கேள்வியில இருக்கிற எண்ணை எல்லாம் யூனிட்டோட ஓரமா எழுது, கிராம் இருந்தா கிலோவா மாத்தி எழுது. இதுக்கு எதுவுமே ஞாபகம் இருக்கத் தேவையில்ல, கேள்விய மட்டும் பாத்தாப் போதும். நான் பாத்த வரைக்கும் மூணாவது அம்பு போடுறதுக்குள்ள பெரும்பாலான பிள்ளைங்களுக்கு அடுத்த வரி தானா வந்துடும்.

வரலன்னாலும் அந்த எழுதினது வீண் இல்ல. சரியான ஈக்வேஷன எழுதி எண்ணப் போட்டிருந்தா கடைசி விடை தப்பானாலும் வழிமுறைக்கு மார்க் உண்டு. வெறும் விடைய மட்டும் எழுதி அது தப்பாப் போனா ஒண்ணுமே கிடைக்காது. அதனால மனசுக்குள்ள போட்டுட்டு விடைய மட்டும் எழுதாத. ஏ பாகத்துல விடை தப்பா வந்து அதையே பி பாகத்துல சரியான வழியில பயன்படுத்தியிருந்தா பெரும்பாலும் பி பாகத்து மார்க் போகாது.

"வேகம் 12 மீட்டர் பெர் செகண்ட்னு காட்டு"ன்னு ஒரு கேள்வி வந்து உனக்குக் காட்ட வரலன்னு வை, அங்கயே உக்காந்து அழாத. இடம் விட்டுட்டு அடுத்த பாகத்துக்குப் போயி 12ன்னே எடுத்துக்கிட்டுக் கணக்கப் போடு. அந்த எண்ண அவங்களே கொடுத்திருக்காங்க, பயன்படுத்த உனக்கு முழு உரிமை இருக்கு. கடைசியில நேரம் இருந்தா திரும்பி வந்து அந்த இடத்துல படத்தையாவது வரைஞ்சு, அம்புக்குப் பக்கத்துல யாரு தள்றான்னு எழுதிட்டு வா.